நேபாளப் பண்பாட்டு ஆய்வுகள்

நேபாளத்தின் பண்பாடு, சமயம், கல்வி பற்றிய புலமைசார் ஆய்வுக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு வயது. ஏட்டுச்சுவடி தேடுவதில் தொடங்கிய இத்துறை கல்வெட்டு, மானிடவியல், நிலவரி வரலாறு, பள்ளிக்கல்வி என்று கிளை விரித்தது. இதன் வரலாற்றை எழுதுபவர்கள் ஐரோப்பிய அறிஞர்களின் பெயர்களை வரிசைப்படுத்துவதே வழக்கம். ஆனால் அந்தப் பெரிய நூல்கள் பலவற்றின் பின்னே ஒரு நேபாளப் பண்டிதரோ பூசாரியோ இருந்தார். அவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

1820இல் காத்மாண்டுவுக்கு வந்த பிரையன் ஹாட்ஜ்சன், 1833 முதல் 1843 வரை அங்கே ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் அரசப் பிரதிநிதியாக இருந்தார். காத்மாண்டுப் பள்ளத்தாக்கைத் தாண்டி விருப்பம்போல் உலவ அவருக்கு உரிமை இல்லை. எனவே பாட்டன் நகரத்து நேவார் இனத்து முதிய பௌத்தப் பண்டிதர் அமிர்தானந்தரை நாடினார். ஹாட்ஜ்சன் கேள்விகளை எழுதிக் கொடுப்பார். அமிர்தானந்தர் சாத்திர ஆதாரங்களோடு விடை தருவார். பௌத்தம் பற்றி ஹாட்ஜ்சன் வெளியிட்ட கட்டுரைகள் பெரும்பாலும் இந்த விடைகளின் மேல் எழுந்தவை. அவர் திரட்டிய சமஸ்கிருதச் சுவடிகள் கல்கத்தா, லண்டன், பாரீஸ் நகரங்களுக்குப் போயின. 1837இல் பாரீஸ் சேர்ந்த கட்டுகளைப் படித்த யூஜின் பர்னூஃப், 1844இல் இந்திய பௌத்த வரலாற்றுக்கு ஒரு முன்னுரை நூல் எழுதினார். ஐரோப்பாவில் பௌத்தவியல் என்ற துறையே அதிலிருந்துதான் வேர்விட்டது எனலாம்.

அமிர்தானந்தரின் நேர்மைக்கு ஒரு சான்று உண்டு. அசுவகோசரின் புத்தசரிதம் சமஸ்கிருதத்தில் பதினான்காம் சர்க்கத்தின் நடுவோடு நின்றுபோயிருந்தது. எங்கு தேடியும் மிச்சம் அகப்படாததால், பதினேழாம் சர்க்கம் வரை தாமே பாடிச் சேர்த்ததாக 1830இல் அவர் சுவடியின் முடிவில் எழுதிவைத்தார். அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் பெரிதும் திணறியிருப்பார்கள்.

சுவடி வேட்டை அத்தோடு நிற்கவில்லை. பிரெஞ்சு அறிஞர் சில்வன் லெவி 1898இல் காத்மாண்டு வந்து அசங்கரின் மகாயான நூலொன்றைக் கண்டெடுத்தார். 1905க்கும் 1908க்கும் இடையில் நேபாள வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதினார். 1907இல் ஹரப்பிரசாத் சாஸ்திரி காத்மாண்டு அரண்மனை நூலகத்தில் சர்யாபதப் பாடல்களைக் கண்டார். வங்காளி, அசாமி, ஒடியா ஆகிய மூன்று மொழிகளும் தத்தம் முதல் இலக்கியமாக உரிமை கொண்டாடும் பாடல்கள் அவை.

தமிழ்ச் சைவர்களுக்கும் இந்தச் சுவடிகளில் நேரடி உறவு உண்டு. தென்னாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. ஆகமங்கள் இங்கே படிமேல் படியெடுத்தே பிழைத்தன. இமயமலையின் குளிர்ச்சியில் ஓலை ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நின்றது. இருபத்தெட்டு ஆகமங்களில் ஒன்றான கிரணத்துக்கு நேபாளத்தில் 924ஆம் ஆண்டுச் சுவடி கிடைத்திருக்கிறது. நிசுவாச தத்துவ சம்ஹிதையின் 9ஆம் நூற்றாண்டு ஓலைச்சுவடி காத்மாண்டு தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. சைவத் தந்திர மரபில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழைய நூலாக அது கருதப்படுகிறது. புதுச்சேரியில் இயங்கும் டொமினிக் குடால் தலைமையில் அதன் பழைய பகுதிகள் 2015இல் பதிப்பாயின; அப்பணியில் திவாகர் ஆசார்யா, நிரஜன் காஃப்லே ஆகிய நேபாள அறிஞர்களும் பங்கேற்றனர். அங்கே அழியாமல் இருந்த ஓலை, இங்கே கோயில்களில் வழங்கும் கிரியைகளின் முன்வரலாற்றைக் காட்டுகிறது. இந்த நிசுவாசச் சுவடியையும் 878ஆம் ஆண்டைச் சேர்ந்த சுசுருத சம்ஹிதைச் சுவடியையும் யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

1970இல் தொடங்கிய நேபாள-ஜெர்மன் சுவடிப் பாதுகாப்புத் திட்டம் முப்பது ஆண்டுகளில் சுமார் 1,80,000 சுவடிகளை மைக்ரோஃபிலிமில் பதிந்தது. அரசுக் காப்பகங்களோடு நிற்காமல் மடங்களிலும் குருமார் வீடுகளிலும் இருந்த கட்டுகளையும் அது தேடிச் சென்றது.

வீடுகளிலும் விகாரங்களிலும் சுவடி காப்பாற்றப்பட்டதற்குக் காரணம் பக்தி. பாட்டன் நகரின் பொற்கோயில் எனப்படும் குவா பகா விகாரத்தில் கருநிறத் தாளில் பொன்னெழுத்தால் எழுதிய பிரஞ்ஞாபாரமிதை நூல் ஒன்று இருக்கிறது. அது படிக்கும் நூல் மட்டுமல்ல, வழிபடும் தெய்வமும்கூட. நோயோ ஆபத்தோ வந்து நேர்ந்துகொண்ட குடும்பம் சொன்னால், நேவார் பௌத்தப் பூசாரிகளான வஜ்ராசாரியர் பலர் ஏடுகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பகுதியாக ஓதுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பொருள் கேட்டு உட்கார்ந்திருப்பவர் யாருமில்லை. ஓதக் கேட்பதே புண்ணியம். மானிடவியலாளர் டேவிட் கெல்னர் இந்த வழக்கத்தை நெருங்கிக் கவனித்து எழுதினார். அவரது 1992 நூல், மணம் முடித்துக் குடும்பம் நடத்தியபடியே பிக்குப் பட்டத்தை ஏற்கும் நேவார் பௌத்தத்தை அதன் சொந்த நியாயத்தோடு விளக்கியது. அதற்கு முன்பே அமெரிக்க இயேசு சபைப் பாதிரியார் ஜான் லாக், பள்ளத்தாக்கின் விகாரங்களை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து 1985இல் நூலாக்கியிருந்தார். பக்தபூர் நகரின் திருவிழாக்களையும் தெய்வங்களின் இருப்பிடங்களையும் ஆராய்ந்த ராபர்ட் லெவியின் 1990 நூலின் முகப்பில், அந்நகரத்து அந்தணர் கேதார்ராஜ் ராஜோபாத்யாயாவின் பெயரும் இடம்பெற்றது. அமிர்தானந்தருக்குக் கிடைக்காத மரியாதை அது.

உள்நாட்டு அறிஞர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டது ராணா குடும்பத்துப் பரம்பரைப் பிரதமர்களின் ஆட்சி வீழ்ந்த பிறகுதான். 1952இல் நயராஜ் பந்த் நிறுவிய சம்சோதன் மண்டலம் குருகுலம் போல நடந்தது. மாணவர்கள் சான்றிதழுக்காகப் பள்ளிக்குப் போகாமல் சமஸ்கிருதம், கணிதம், வானநூல் கற்றார்கள். கல்வெட்டுகளைத் தாங்களே போய் வாசித்தார்கள். அச்சில் வந்த வரலாற்றுப் பிழைகளைத் திருத்திச் சிறு வெளியீடுகளாக வெளியிட்டார்கள். மூத்தவர், பெரிய பதவியிலிருப்பவர் என்று பார்த்து விட்டுவிடுவது அவர்களிடம் இல்லை. இம்மரபில் வளர்ந்த தனவஜ்ர வஜ்ராசாரியா 1973இல் வெளியிட்ட லிச்சவி மன்னர் காலக் கல்வெட்டுத் தொகுப்பு இன்றும் கைநூல். சாங்குநாராயணர் கோயிலில் மானதேவ மன்னன் 464இல் பொறித்த தூண் கல்வெட்டு முதலானவற்றை அதில் படிக்கலாம்.

மகேஷ் சந்திர ரெக்மி வேறு வழியில் போனார். பல்கலைக்கழகப் பதவி ஏதுமின்றித் தம் சொந்த ஆய்வகத்தை நடத்தி, நிலவரி ஆவணங்களை மொழிபெயர்த்து 1969 முதல் 1989 வரை மாத வெளியீடாகக் கொண்டுவந்தார். உழவனிடம் எவ்வளவு பறிக்கப்பட்டது, அது எந்த மாளிகைக்குப் போனது என்பதைக் கணக்கோடு காட்டிய அவருக்கு 1977இல் மகசேசே விருது கிடைத்தது.

சாதியைச் சட்டமாக்கிய நாடு நேபாளம். 1854இல் ஜங் பகதூர் ராணா பிறப்பித்த முலுகி ஐன் சட்டத்தொகுப்பு, பூணூல் அணிவோர் தொடங்கித் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டோர் வரை நாட்டு மக்களை ஐந்து படிநிலைகளில் நிறுத்தியது. மலைப் பழங்குடிகளும் பௌத்தர்களும்கூட அந்தப் படிகளுக்குள் இழுக்கப்பட்டார்கள். ஆந்திராஸ் ஹோஃபர் 1979இல் இச்சட்டத்தை வரிவரியாக ஆராய்ந்தார். 1963இல் புதிய சட்டம் சாதிப் படிநிலைகளை நீக்கிய பின்னும் அவற்றின் நிழல் போகவில்லை என்று வாதிட்டவர் தோர் பகதூர் பிஸ்டா. நாட்டின் முதல் மானிடவியலாளராக மதிக்கப்படும் அவர் 1991இல் எழுதிய நூலில், விதியை நம்பிக் கைகட்டி நிற்பதும், மேலதிகாரியை அண்டிப் பணிந்து ‘சாக்கரி’ செய்வதும், ‘ஆப்னோ மான்சே’ எனப்படும் தன் ஆட்களுக்கே வாய்ப்பளிப்பதும் உயர்சாதி மதிப்பீடுகளிலிருந்து வந்தவை என்றார். படிப்பு என்பது உடலுழைப்பிலிருந்து தப்பிக்கும் வழியாகவே பார்க்கப்படுகிறது என்பதும் அவர் வாதம். நூல் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. 1990களின் நடுவில் காணாமல்போன பிஸ்டாவைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

கல்வி பற்றிய ஆய்வுகள் இவ்விடத்தில்தான் பண்பாட்டு ஆய்வோடு கலக்கின்றன. ராணாக்கள் கல்விக்கு அஞ்சினார்கள். 1850களில் தொடங்கிய தர்பார் பள்ளி முதலில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே. 1920இல் மக்காச்சோளச் சாகுபடி பற்றி நூல் எழுதிய கிருஷ்ணலால் அதிகாரி, அதில் ஆட்சியாளரைச் சாடியதாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிலேயே இறந்தார். 1951இல் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு இருவர் என்பது பொதுவான மதிப்பீடு; 2021 கணக்கெடுப்பில் அது 76 விழுக்காட்டைத் தாண்டியது. இடையில் கொடுத்த விலை மொழி. அமெரிக்க ஆலோசகர் ஹியூ வுட் உதவியோடு 1956இல் வெளிவந்த கல்வி ஆணைய அறிக்கை, பள்ளிகளில் நேபாளி மட்டுமே பயிற்றுமொழியாக இருக்கப் பரிந்துரைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் வழங்கும் நாடு இது. மன்னரின் கட்சியற்ற பஞ்சாயத்து ஆட்சிக் காலப் பாடநூல்கள் வீரர்களின் கதையாக ஒற்றை வரலாற்றை எப்படிப் புனைந்தன என்பதைப் பிரத்யூஷ் ஒந்தா 1996இல் விரிவாக எழுதினார்.

எழுத்தறிவு வேறொரு விளைவையும் தந்தது. பால்பா மாவட்டத்து மகர் இனத்தவர் கிராமம் ஒன்றில் பெண்களும் படிக்கத் தொடங்கியதும் காதல் கடிதங்கள் பெருகின. பெற்றோர் முடிக்கும் திருமணமும் பெண்ணைத் தூக்கிச் சென்று முடிக்கும் திருமணமும் குறைந்து, உடன்போக்கு அதிகரித்தது. அக்கடிதங்களையே சான்றாகக் கொண்டு லாரா அஹெர்ன் 2001இல் எழுதிய நூல், பாடத்திட்டம் எண்ணிப் பாராத இடத்தில் கல்வி செய்யும் வேலையைக் காட்டியது. அக்கடிதங்களில் ‘முன்னேற்றம்’, ‘வாழ்வில் வெற்றி’ போன்ற பாடநூல் சொற்கள் காதலின் சொற்களாகவே மாறியிருந்தன.

சமயமும் கல்வியும் நேருக்கு நேர் சந்தித்தது குமாரி விவகாரத்தில். சாக்கிய, வஜ்ராசாரியக் குடும்பங்களின் சிறுமியரைத் தேர்ந்து தெய்வமாக வழிபடும் இவ்வழக்கத்தை மைக்கேல் ஆலன் 1975இல் ஆராய்ந்தார். பருவமெய்தியதும் பதவியிழந்து வீடு திரும்பும் சிறுமி தன் வயதினரைவிடப் படிப்பில் பின்தங்கியிருப்பது முன்பு வழக்கமாக இருந்தது. இதுபற்றிய வழக்கில் 2008இல் நேபாள உச்ச நீதிமன்றம், வழிபாட்டைத் தடைசெய்யாமல், குமாரிக்கும் மற்றக் குழந்தைகளைப் போலவே கல்வி உள்ளிட்ட உரிமைகள் உண்டு என்று தீர்ப்பளித்தது. காத்மாண்டு குமாரியின் இல்லத்துக்கு இப்போது ஆசிரியர்கள் வந்து பாடம் நடத்துகிறார்கள்.