அட்டையும் தறியும்

2025 செப்டம்பர் 2ஆம் நாள் தில்லியில் நடந்த செமிகான் இந்தியா மாநாட்டில் ‘விக்ரம்’ என்னும் 32 பிட் நுண்செயலி பிரதமரிடம் அளிக்கப்பட்டது. ஏவூர்திகளுக்கென விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் மொகாலியிலுள்ள அரசு ஆய்வகமும் இணைந்து உருவாக்கிய சில்லு அது. இச்செய்தியின் பொருளை எடைபோட நம் தாராசுரத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது.

தாராசுரம் என்றதும் வெளியூரார்க்கு நினைவில் எழுவது இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில். இவ்வூரின் பட்டுத்தறிகளை நின்று பார்ப்போர் குறைவு. சௌராட்டிர நெசவாளர் வீடுகளில் தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி அமர்ந்திருக்கும். அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் மாலைபோல் தொங்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு இழை மேலெழும். துளையில்லாத இடத்தில் இழை அசையாது கிடக்கும். உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் மாங்காயும் மயிலும் சேலையில் உருப்பெறுகின்றன.

கணினியின் மொழியும் இவ்விரண்டு சொற்களே. பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு இப்பொறியை 1804இல் அமைத்தார். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் பகுப்புப் பொறிக்கு இவ்வட்டைகளையே எண்ணினார். அப்பொறியைப் பற்றி 1843இல் குறிப்பெழுதிய அடா லவ்லேசு, தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல் அது இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்று ஒப்பிட்டார். 1890இல் அமெரிக்க மக்கட்கணக்கை ஹாலரித் துளையட்டைகளால் எண்ணினார். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சிலவற்றோடு இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் பூண்டது.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியது ஒன்று: ஜக்கார்டு, கோலத்தைத் தறியிலிருந்து பிரித்தெடுத்து அட்டையில் ஏற்றிவிட்டார். அதன்பின் கோலம் ஒருவருடையதாகவும் உழைப்பு மற்றொருவருடையதாகவும் இருக்கலாயிற்று. அட்டை மாறினால் சேலை மாறும். நெய்பவர் கூலியோ அப்படியே இருக்கக்கூடும்.

திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006இல் ஆலை தொடங்கியபோது நாம் பெருமிதம் கொண்டோம். பல்லாயிரவர், அவருள் மிகப் பலர் இளம்பெண்கள், அங்கே கைபேசிகளைப் பூட்டினர். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. வரித் தகராறும் நிறுவனத்தின் கைபேசித் தொழில் கைமாறியதும் காரணங்களாயின. தறி நம் ஊரில் இருந்தது. அட்டை பின்லாந்தில் இருந்தது.

இதன் மறுபக்கத்தைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘சக்தி’ நுண்செயலியில் காணலாம். அதன் வடிவமைப்பு சென்னையில் பிறந்தது. ஆயினும் 2018இல் அதன் முதற்சில்லுகள் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில், இன்டெல் ஆலையில் வார்க்கப்பட்டன. அங்கே அட்டை நம்முடையது, தறி பிறருடையது. அதே ஆண்டில் இன்னொரு சக்திச் சில்லை மொகாலியில் வார்த்தனர். அந்த மொகாலி ஆலை 1989இல் தீக்கிரையாகி மீண்டெழுந்தது. அத்தீயால் நாடு இழந்த ஆண்டுகளை நினைப்போர்க்கு, தறியை ஓரிடத்தில் மட்டும் வைத்திருப்பதன் இடரும் விளங்கும்.

விக்ரம் சில்லின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது: அட்டையும் தறியும் ஒரே நாட்டில் கூடியிருக்கின்றன. சந்தையின் அதிவேகச் சில்லுகளோடு ஒப்பிட்டால் அது பழந்தொழில்நுட்பமே. ஏவூர்திக்கு வேண்டுவது உறுதி.

ஆகவே, இங்கே புதிய ஆலை வருகிறது, இத்தனை பேருக்கு வேலை என்று நாளிதழ் முழங்கும்போது, வேலையை மதிப்போம். கூடவே அட்டை யார் கையில் என்றும் கேட்போம். நம் கல்லூரிகளில் பயிலும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அக்கேள்வியை விளக்கவே வேண்டியதில்லை.