ஹெரால்டின் கழுத்து

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டும். அம்பாசடர் கல்கத்தாக்காரர்களுடையது, ஃபியட் பம்பாய்க்காரர்களுடையது, ஹெரால்ட் நம்முடையது. வண்டலூர் பக்கத்தில் செய்தார்கள். மயிலாப்பூர் வக்கீல்களும் தி.நகர் டாக்டர்களும் ஓட்டினார்கள்.

இப்போது சிலர் அந்தக் கார்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறார்கள். எஞ்சினைக் கூட ஓட வைத்துவிடுகிறார்கள். ஒரு சின்னச் சாமானில்தான் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். பெட்ரோல் மூடிக்கும் டேங்குக்கும் நடுவே இருக்கிற குழாய் அது. ஆங்கிலத்தில் அதைக் கழுத்து என்பார்கள். டேங்கை இறக்க வேண்டுமானால் முதலில் கழுத்தைக் கழற்ற வேண்டும். அது லேசில் வராது. ஏன் வராது என்று பார்க்கப் போனால், அந்தக் காரின் கதை முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் கவென்ட்ரியில் 1903-ல் தொடங்கியது ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. 1944-ல் டிரயம்ப் கம்பெனியை அது வாங்கிக்கொண்டது. சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், சென்னையின் யூனியன் கம்பெனியும் கவென்ட்ரிக்காரர்களும் சேர்ந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார்கள். முதலில் வேன்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் டென் எனக் கார்கள் வந்தன. 1950-களின் நடுவில், உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்ய ஒப்புக்கொள்ளும் கம்பெனிகளுக்கு மட்டும்தான் இடம் என்று அரசு சொல்லிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. நம் ஊர்க் கம்பெனி நின்றது. 1961-ல் ஹெரால்டை வெளியிட்டது.

அந்த மாடல் இங்கிலாந்தில் 1959-ல் டிரயம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. அதன் அமைப்புக்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்துவந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-ல் வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. ஆகவே பழைய முறைப்படி தனிச் சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, போல்ட் போட்டு இணைத்தார்கள். அங்கே கையாலாகாமல் செய்தது இங்கே பெரிய வசதியாகிவிட்டது. ஒரு பக்கம் இடிபட்டால் அந்தத் துண்டை மட்டும் கழற்றலாம். மட்கார்டோடு சேர்ந்து பானெட் முழுதும் முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் கை வைப்பார். 25 அடி வட்டத்துக்குள் கார் திரும்பிவிடும். மாட வீதிகளில் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இதே சேஸிஸைச் சுருக்கி, அதே மிக்கலோட்டி வரைந்து, 1962-ல் வந்ததுதான் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர். உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். நம் வீட்டு வாசலில் நின்ற சாதுவான ஹெரால்ட் அதற்கு அண்ணன் முறை. இரண்டிலும் டேங்க் காருக்கு அடியில் தொங்காது, பாடிக்குள்ளேயே இருக்கும். ஹெரால்டில் டிக்கிக்குள் ஒரு பக்கமாக, ஸ்பிட்ஃபயரில் சீட்டுகளுக்குப் பின்னால். வெளியே இருக்கும் மூடியிலிருந்து உள்ளே இருக்கும் டேங்குக்கு பெட்ரோல் போக வேண்டும். அதற்காகப் பாடித் தகட்டில் ஒரு ஓட்டை, அதில் ஒரு ரப்பர் வளையம், அதன் நடுவே கழுத்து.

வினையும் அங்கேதான். ரப்பருக்கு ஆயுசு குறைவு. ஐம்பது வருஷ வெயிலில் கல்லாகிப்போகிறது. சாந்தோம், அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் நின்ற கார் என்றால் கடற்காற்றின் உப்பு வேறு. ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே துரு வளர்ந்து இரண்டையும் ஒட்டிவிடும். வாங்கியவர் ஒவ்வொருவரும் அடித்த பெயின்ட் அதன் மேல் முத்திரை வைத்ததுபோல் படிந்திருக்கும். பொறுமை இல்லாதவர்கள் ரிஞ்சைப் போட்டு முறுக்குவார்கள். குழாய் வராது. அது டேங்கோடு சேரும் இடம் மெல்லிய தகடு, அது கிழியும்.

மந்தைவெளியில் ஷெட் வைத்திருந்த ஒரு மெக்கானிக்கை எனக்குத் தெரியும். முறுக்கவே மாட்டார். பாட்டரி ஒயரைக் கழற்றுவார், டேங்கைக் காலி செய்வார். பெயின்ட் விளிம்பை பிளேடால் சுற்றி அறுப்பார். துருவுக்குள் இறங்கும் எண்ணெயை விட்டுவிட்டு, "நாளைக்கு வாங்க சார்" என்பார். மறுநாள் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி ரப்பரை இளக்குவார். அப்புறமும் அசையவில்லை என்றால், கத்தியால் ரப்பரை நீளவாக்கில் அறுத்து எடுத்துவிடுவார். குழாயை இப்படியும் அப்படியுமாக ஒரு நூல் அளவு அசைத்தால் தானாக வந்துவிடும். "ரப்பர் போனா ரப்பர் வாங்கிடலாம் சார். தகரம் போச்சுன்னா எங்க போறது?" என்பார்.

இன்னொன்றிலும் அவர் கண்டிப்பு. டேங்க் பக்கத்தில் பீடி, நெருப்பு எதுவும் கூடாது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு ஆவி கலந்திருந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். பற்றவைக்க வேண்டுமென்றால் பல முறை கழுவி, கழுத்து வரை தண்ணீர் நிரப்பிய பிறகே நெருப்பைக் கிட்டே கொண்டுவர விடுவார். இதைச் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடம் ஏதும் அவருக்குக் கிடையாது. கூட நின்று கற்றுக்கொண்டது.

தகரம் போனால் எங்கே போவது என்று அவர் கேட்டது வெறும் பேச்சில்லை. ஹெரால்ட் 1971 வரை வந்தது. அடுத்து 1972-ல் கெஸல். எழுபதுகளின் கடைசியில் அதுவும் நின்றது. 1985-ல் ரோவர் காரின் உடம்பில் பழைய எஞ்சினைப் பொருத்தி ஸ்டாண்டர்ட் 2000 என்று விற்றுப் பார்த்தார்கள். மாருதி வந்துவிட்ட காலம், எடுபடவில்லை. 1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. அன்றைக்கே புதிய பாகங்களின் ஊற்றும் அடைபட்டது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் மிச்சம் இருந்தவை தீர்ந்தன. புதுப்பேட்டையில் உடைத்த கார்களிலிருந்து கிடைத்தவையும் குறைந்துவிட்டன. ஆகவே கிழிந்த கழுத்துக்கு மாற்றுக் கழுத்து சுலபத்தில் கிடையாது.

இதைப் பழங்கதையாக விட்டுவிட முடியாதபடி இரண்டு விஷயங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று, இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைத் தின்னும், டேங்கில் துரு ஏற்றும். அந்தக் காலத்து ரப்பர் குழாயை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டுவது டிக்கிக்குள் பெட்ரோல் கசிவை வளர்ப்பதற்குச் சமம். இன்று ஹெரால்ட் வைத்திருக்கும் யாரும் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய் கடைகளில் கிடைக்கிறது, அதை மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 1971 வரை பதிவான எல்லா ஹெரால்டுக்கும் இப்போது அந்தத் தகுதி உண்டு. காயலான் கடைக்குப் போக வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுப் பின்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் வயதான மெக்கானிக் யாராவது இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். அவர் கார் வேலை பார்க்கும்போது கூட நிற்க ஒரு சின்னப் பையனையும் அனுப்பிவையுங்கள்.