ஒளியின் வழியே ஒரு கடன்

திருவிவிலியத்தின் முதற்பக்கத்தில் படைப்புகளுள் முதலாவதாகத் தோன்றுவது ஒளி. அவ்வொளியைக் கொண்டு கண் எவ்வாறு காண்கிறது என்னும் வினா மனித அறிவை நெடுங்காலம் அலைக்கழித்தது. அதற்கு விடை காணும் சரியான வழியைத் திறந்தவர் ஓர் இஸ்லாமிய அறிஞர் என்பதையும், அவர் நூலை ஐரோப்பாவில் பேணிக் கற்றவர்களுள் நம் திருச்சபையின் துறவியர் முன்னின்றனர் என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருள்களைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என்று கிரேக்க மரபின் பேரறிஞர்களான யூக்ளிடும் தாலமியும் கருதினர். ஏறத்தாழ 965ஆம் ஆண்டில் ஈராக்கின் பஸ்ரா நகரில் பிறந்த இப்னு அல்-ஹைதம் இக்கருத்தை மறுத்தார். கதிரவனை உற்று நோக்கினால் கண் நோகிறது. வெளியிலிருந்து ஒளி வந்து கண்ணைத் தாக்குவதாலன்றோ அந்நோவு எழுகிறது என்று அவர் சுட்டினார்.

அவர் வாதத்தோடு நின்றுவிடவில்லை. இருண்ட அறையின் சிறு துளைக்கு எதிரே, வெளியே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். விளக்குக்கு ஒன்றாக உட்சுவரில் ஒளிப்புள்ளிகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய புள்ளி மட்டுமே மறைந்தது. ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது என்பதும், பல ஒளிகள் ஒரே துளையின் வழியே புகுந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதும் இவ்வாறு தெளிவாயின. முன்னோர் கூறினர் என்பதற்காக ஒன்றை ஏற்றல் ஆகாது, ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏழு பகுதிகளைக் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' என்னும் அவரது ஒளியியல் நூல் அக்கொள்கையின் பயனே.

1200ஆம் ஆண்டையொட்டி அந்நூல் இலத்தீனில் வந்தது. பிரான்சிஸ்கன் துறவி ரோஜர் பேக்கன், திருத்தந்தை நான்காம் கிளமெந்துக்கு 1267ஆம் ஆண்டளவில் அனுப்பிய தம் பெருநூலில் அதனைப் பெரிதும் பயன்படுத்தினார். அதே சபையினரும் பின்னாளில் காண்டர்பரிப் பேராயருமான ஜான் பெக்கம் அதன் வழியில் ஒரு பாடநூல் எழுதினார். அரபு மூலத்தின் இலத்தீன் வடிவம் 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. 1604இல் கெப்ளர் இம்மரபைக் கற்று, அதன் குறையையும் திருத்தி, விழித்திரையில் உருவம் விழுகிறது என்று நிறுவினார்.

இங்கு நாம் நின்று எண்ண வேண்டியது ஒன்றுண்டு. இப்னு அல்-ஹைதம் எகிப்துக்குச் சென்றது கலீபா அல்-ஹாகிமின் ஆட்சியில் என்பர். 1009ஆம் ஆண்டில் எருசலேமில் ஆண்டவரின் கல்லறை ஆலயத்தை இடிக்க ஆணையிட்டவர் அதே அல்-ஹாகிம். மறுபுறம், புனித லூயி மன்னர் சிலுவைப் படையுடன் எகிப்தில் இறங்கியது 1249இல். இருபது ஆண்டுகள் கடக்குமுன், கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அவ்வறிஞரின் கருத்துகளைப் பேக்கன் திருத்தந்தைக்கு எடுத்துரைத்தார்; அவர் பெயரையும் மறைக்காமல் குறிப்பிட்டார். பகைமை பொய்யன்று, பட்ட கடனும் பொய்யன்று. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது வரலாறு ஆகாது.

அக்காலத் துறவியர் நாணாமல் உரைத்த பெயரைப் பிற்காலப் பாடநூல்கள் பல விட்டுவிட்டன. கிரேக்கர் தொடங்கினர், ஐரோப்பியர் முடித்தனர் என்றே நாமும் படித்தோம். நம் பிள்ளைகளுக்கும் சொன்னோம். 2015ஆம் ஆண்டை ஒளியின் ஆண்டாக உலக நாடுகள் கொண்டாடியபோது, அவரது நூலின் ஆயிரமாண்டு நிறைவும் நினைவுகூரப்பட்டது.

கடந்தகாலப் பூசல்களை மறந்து, ஒருவரையொருவர் புரிந்துகொள்ள உண்மையாக முயலுமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவரையும் இஸ்லாமியரையும் வேண்டிக்கொண்டது. மறக்கச் சொன்னது பூசலை. பெற்ற நன்மையை அன்று. பிறர்மேல் பொய்ச்சான்று கூறுதலை எட்டாம் கட்டளை விலக்குகிறது. அயலார் செய்த நன்மையை அறிந்தும் மறைத்தல் அப்பொய்ச்சான்றுக்கு வெகுதொலைவில் இல்லை. நம் தெருவில் வாழும் இஸ்லாமியச் சகோதரரைப் பற்றி நம் இல்லங்களில் பேச்செழும்போது, நம் பிள்ளைகள் இவ்வரலாற்றையும் சேர்த்துக் கேட்கட்டும்.