தோட்டத் தொழிலாளர் விபத்துச் சிகிச்சை உதவி (நீலகிரி)

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலையின்போது அடிபட்டு முடங்கியவர்கள் அறுவை சிகிச்சைக்கும் பிழைப்புக்கும் நாடும் உதவிகள். கொழுந்து மூட்டையோடு சரிவில் வழுக்கி விழுவதும் தொழிற்சாலை உருளையில் விரல் சிக்குவதும் இங்கே நேரக்கூடிய விபத்துகள்.

இழப்பீடு: 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பொறுப்பை முதலாளிமேல் வைத்தது. ஒரு கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்றது அதன் அட்டவணை. நிரந்தர முழு ஊனத்துக்கு, மாதக் கூலியின் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்கித் தொகை கணிக்கப்பட்டது. சிகிச்சைக்கு ஆன செலவைத் திருப்பித் தரும் கடமையை 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. இச்சட்டம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் உள்ளடக்கப்பட்டது.

காப்பீடு: செலவு திரும்பி வரும்வரை அறுவை சிகிச்சை காத்திருக்காது. அந்த இடைவெளியில் கைகொடுப்பது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் (2012). பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் தேவை.

சிக்கல்: சிறு தோட்டங்களில் தினக்கூலிக்குக் கொழுந்து பறிப்பவரின் பெயர் வருகைப் பதிவேட்டில் இல்லாவிட்டால், அங்கே வேலை செய்ததை நிரூபிப்பதே முதல் போராட்டம்.