வினைல் தாவரப் பெயர்ச்சீட்டு

வினைல் தாவரப் பெயர்ச்சீட்டு என்பது, தாவரத்தின் பெயரைப் பசையுள்ள வினைல் தாளில் கணினிவழி இயங்கும் வெட்டுப்பொறியால் எழுத்து வடிவில் வெட்டி, ஒரு தகட்டின்மீது ஒட்டி உருவாக்கப்படும் அடையாளச் சீட்டு ஆகும். நாற்றங்கால்கள், பழத்தோட்டங்கள், பூங்காக்கள், பள்ளித் தோட்டங்கள் முதலிய இடங்களில் இது பயன்படுகிறது. தமிழ்நாட்டில் இவ்வேலை "ஸ்டிக்கர் கட்டிங்" என்ற பெயரில் வழங்குகிறது. ஒளியைத் திருப்பி அனுப்பும் தாளில் வெட்டப்படுவதை "ரேடியம் ஸ்டிக்கர்" என்பர். பெயரில் இருப்பினும், அத்தாளில் ரேடியம் என்னும் தனிமம் கிடையாது.

தேவை

மாங்கன்று போன்ற ஒட்டுக் கன்றுகளில் இச்சீட்டின் தேவை மிகுதி. இந்திய மா வகைகளுள் பெரும்பாலானவை விதையிலிருந்து தாய்மரத்தின் இயல்பு மாறாமல் முளைப்பதில்லை. ஆகவே அவை ஒட்டுக் கட்டியே பெருக்கப்படுகின்றன. இளங்கன்றின் இலையையும் தண்டையும் மட்டும் பார்த்து வகையை உறுதிசெய்வது கடினம். கன்று நட்டு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் கழித்துக் காய்க்கும்போதுதான் உண்மை வெளிப்படும். அதுவரை உழவருக்கு உள்ள சான்று பெயர்ச்சீட்டு ஒன்றே. சீட்டு தவறினால் பல ஆண்டு உழைப்பும் செலவும் வீணாகக்கூடும்.

இந்தியாவின் 1966 ஆம் ஆண்டு விதைகள் சட்டம், உணவுப் பயிர்களின் நாற்று, ஒட்டு, கிழங்கு முதலியவற்றையும் "விதை" என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. அறிவிக்கை செய்யப்பட்ட வகைகளை விற்போர் உரிய விவரச் சீட்டு இணைக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

கிருஷ்ணகிரி வட்டாரம்

கல்லாவி, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில் உள்ள ஊர். இம்மாவட்டம் 2004 பெப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மா சாகுபடிக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் இது பெயர்பெற்றது. போச்சம்பள்ளியை அடுத்த சந்தூர் மாங்கன்று நாற்றங்கால்களுக்கு அறியப்பட்ட ஊர் ஆகும். கூழுக்குப் பெரிதும் பயன்படும் வகை பெங்களூரா. இது கிளிமூக்கு, தோத்தாபுரி எனவும் வழங்கும். இதனுடன் செந்தூரா, நீலம், மல்கோவா, பங்கனப்பள்ளி, அல்போன்சா முதலியனவும் பயிராகின்றன. கூழுக்கு என்று நட்ட மரம் வேறு வகையாகக் காய்த்தால் விற்பனை முறையே மாறிவிடும்.

ஓசூரை ஒட்டிய எல்லைப் பகுதியில் தமிழுடன் கன்னடமும் தெலுங்கும் பேசப்படுகின்றன. எனவே ஒரே சீட்டில் இரு மொழிகளில் எழுத வேண்டிய தேவையும் எழுகிறது.

தமிழ் எழுத்துருக்களும் குறிமுறைகளும்

தமிழில் பெயர்ச்சீட்டு வெட்டுவதில் ஏற்படும் பிழைகள் பெரும்பாலும் எழுத்துருவைச் சார்ந்தவை. ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கி, டாப், டாம், பாமினி எனப் பல குறிமுறைகள் இருந்தன. டாம், டாப் ஆகியவை 1999 இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்டன. 2010 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், தமிழ் அனைத்தெழுத்து 16 பிட்டு குறிமுறையையும் தரமாக ஏற்றது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளுக்கும் அரைப்புள்ளி போன்ற குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், பெயருக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். ஒருங்குறியில் இச்சிக்கல் இல்லை. எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது.

எனினும் ஒருங்குறியில் வேறொரு சிக்கல் உண்டு. "பெ" என்னும் எழுத்தில் கொம்பு முன்னால் தோன்றினாலும், கணினியில் மெய்யெழுத்துக்குப் பின்னரே அது சேமிக்கப்படுகிறது. இவ்வரிசையை மாற்றிக் காட்டுவது எழுத்து வடிவமைப்புப் பொறியின் வேலை. அது இல்லாத வெட்டு மென்பொருளில் "பெங்களூரா" என்பதன் கொம்பு அடுத்துள்ள "ங்" எழுத்துக்கு உரியதுபோல் நின்றுவிடும். "ளூ" என்பதும் இரண்டாகப் பிரியும். ஆகவே கொம்பும் காலும் சேர்ந்த "மல்கோவா" போன்ற சொல்லைத் தட்டச்சு செய்து முதலில் சோதிப்பது நல்லது.

நிறுவப்பட்ட எழுத்துருக்களைக் கண்டறிதல்

விண்டோசு: எழுத்துருக்கள் "விண்டோசு" அடைவினுள் உள்ள "பாண்ட்சு" என்னும் அடைவில் இருக்கும். 2018 க்குப் பிந்தைய விண்டோசு 10 பதிப்புகளில், ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துரு அவருடைய சொந்த அடைவில் சேமிக்கப்படும். சில பழைய மென்பொருள்கள் அதைக் காண்பதில்லை. அப்போது "எல்லாப் பயனர்களுக்கும்" என்ற தெரிவில் மீண்டும் நிறுவ வேண்டும். லதா எழுத்துரு விண்டோசு 2000 உடன் வந்தது. விண்டோசு 10 இல் லதாவும் விசயாவும் தனியே சேர்க்க வேண்டியவை ஆயின. விண்டோசு 8 முதல் உள்ள நிர்மலா எழுத்துருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் உண்டு.

மாக்கு: "பாண்ட் புக்" என்னும் செயலி நிறுவப்பட்ட எழுத்துருக்களைப் பட்டியலிடும். இணைமதி, தமிழ்ச் சங்கம் ஆகியவை இதில் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்கள்.

லினக்சு: "எப்சி-லிஸ்ட்" கட்டளையுடன் மொழிக் குறியைச் சேர்த்தால் தமிழ் எழுத்துருக்கள் மட்டும் பட்டியலாகும். லோகித், நோட்டோ ஆகியவை பெரும்பாலும் கிடைப்பவை.

கிரிகட் போன்ற வீட்டுப் பொறிகளின் மென்பொருளில், கணினியிலுள்ள எழுத்துருக்கள் "சிஸ்டம்" என்ற பிரிவில் தோன்றும். புதிதாக நிறுவிய எழுத்துரு தெரியாவிடில், மென்பொருளை மூடித் திறப்பதே முதல் தீர்வு.

வெட்டும் முறை

1. பெயரை இங்க்சுகேப்பு போன்ற, தமிழைச் சரியாகக் காட்டும் கட்டற்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து பிழை பார்க்க வேண்டும்.

2. எழுத்தைக் கோட்டுருவாக மாற்ற வேண்டும். இதன்பின் எந்தக் கணினியிலும் வடிவம் மாறாது. எழுத்துரு நிறுவியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. திருத்தம் செய்ய ஏதுவாக மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்வது வழக்கம்.

3. ஒன்றன்மேல் ஒன்று படியும் கோடுகளை இணைத்து ஒரே உருவாக்க வேண்டும். இல்லாவிடில் கத்தி எழுத்தின் நடுவிலும் வெட்டிவிடும்.

4. சிறு துண்டில் சோதனை வெட்டு செய்து கத்தியின் அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். வினைல் மட்டும் வெட்டப்பட வேண்டும், அடித்தாள் வெட்டப்படலாகாது.

5. எழுத்தைச் சுற்றியுள்ள தேவையற்ற பகுதியை உரித்தெடுக்க வேண்டும். ண, ஐ போன்ற எழுத்துகளின் மூடிய சுழிகளுக்குள் உள்ள துண்டுகளையும் ஊசியால் எடுக்க வேண்டும்.

6. மேலே இடமாற்று நாடாவை ஒட்டி, எழுத்துகளை வரிசை குலையாமல் தகட்டுக்கு மாற்ற வேண்டும்.

தமிழில் தனிக் கவனம் தேவைப்படுவது புள்ளி. சிறிய எழுத்துகளில் புள்ளி கழிவுடன் சேர்ந்து உரிந்துவிடும். "பங்கனப்பள்ளி" என்பது மூன்று புள்ளிகளையும் இழந்தால் "பஙகனபபளளி" ஆகிவிடும். தடித்த எழுத்துருவும், 15 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்து உயரமும் இதைப் பெரிதும் தவிர்க்கும்.

பொருள்களும் நீடிப்பும்

வினைல் தாள் உருட்டித் தயாரிக்கப்படுவது, வார்த்துத் தயாரிக்கப்படுவது என இருவகைப்படும். உருட்டிய தாள் மலிவானது. ஆனால் வெயிலில் சிறிது சுருங்கும். வார்த்த தாள் மெல்லியது, விலை மிக்கது, நீண்ட நாள் உழைக்கும். வண்ணம் தாள் முழுவதும் கலந்திருப்பதால், காகிதத்தில் மையால் எழுதிய எழுத்தைப்போல் இது மழையில் கரைவதில்லை.

கன்று வளரும் பாலித்தீன் பையின்மீது வினைல் நன்கு ஒட்டாது. அப்பரப்பின் பரப்பு ஆற்றல் குறைவானதே காரணம். அலுமினியத் தகடு, அக்ரிலிக்கு, பிவிசி அட்டை ஆகியவை ஏற்றவை. ஒட்டுமுன் தூசும் எண்ணெய்ப்பசையும் நீங்கத் துடைத்து உலரவிட வேண்டும்.

பெயரிடல் மரபு

தாவரவியல் பெயரில் பேரினமும் சிற்றினமும் சாய்வெழுத்தில் எழுதப்படும். பயிர்வகைப் பெயர் ஒற்றை மேற்கோள் குறிக்குள் நேர் எழுத்தில் வரும். எடுத்துக்காட்டாக, மாஞ்சிபெரா இண்டிகா 'மல்லிகா' என்பது நீலம், தசேரி ஆகியவற்றின் கலப்பில் உருவான மா வகையைக் குறிக்கும். சீட்டில் ஒட்டுக் கட்டிய நாளும், தாய்மரத்தின் எண்ணும் இருப்பது பயன் தரும்.

எச்சரிக்கைகள்

பிவிசி வினைலை லேசர் பொறியில் வெட்டக் கூடாது. வெப்பத்தில் ஐதரசன் குளோரைடு வளிமம் வெளியேறி, உடல்நலத்துக்கும் பொறிக்கும் கேடு செய்யும். தகட்டைக் கம்பியால் மரத்தில் இறுக்கிக் கட்டலாகாது. தண்டு பருக்கும்போது கம்பி பட்டையை அறுத்து மரத்தை வாட்டும். தகட்டைத் தனிக் குச்சியில் நட்டு வைப்பதே நல்லது. சீட்டு காணாமல் போகலாம் என்பதால், வரிசை எண்ணுடன் கூடிய தோட்ட வரைபடம் ஒன்றையும் வைத்திருத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

ஒருங்குறி
தமிழ் எழுத்துரு
ஒட்டுக் கட்டுதல்
மா
கிருஷ்ணகிரி மாவட்டம்