முழுக்கைச் சட்டையும் 309-ம் பிரிவும்

அந்தமானுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆச்சு. வீடு டெய்ரி ஃபார்மில். வருஷம் பூரா புழுக்கம்தான். அப்படிப்பட்ட ஊரில், பத்தாவது படிக்கும் என் பெண் இரண்டு மாதமாக வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டையோடு இருந்திருக்கிறாள். பேங்கில் ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்க்கும் எனக்கு அது கண்ணில் படவில்லை. மனைவிதான் பார்த்தாள். கையில் கீறல்கள். அவளே செய்துகொண்டது. (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.)

என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "வெளியே யாருக்கும் தெரியக்கூடாது." வலிக்குதாம்மா என்றுகூடக் கேட்கவில்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? நான் பி.காம். படித்தவன், டாக்டர் இல்லை. தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் 309-ம் பிரிவு என்று ஒன்று. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஒரு வருஷம் வரை ஜெயில். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று பயந்து, "தவறுதலா பட்டுடுச்சு" என்று மறைத்தே பழகிவிட்டோம். சாகும் எண்ணமே இல்லாமல் கீறிக்கொள்ளும் பிள்ளைகளையும் சேர்த்தே மறைத்தோம்.

1994-ல் சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரிவு செல்லாது என்றது. 1996-ல் செல்லும் என்றது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்கு சிகிச்சை தருவது அரசின் கடமை என்று சொன்னது. 2024 ஜூலையில் அமலான புதிய சட்டத்தில் 309 இல்லை.

சட்டத்துக்கு முன்பே சில மனிதர்கள் விழித்துக்கொண்டார்கள். 1935-ல் இங்கிலாந்தில் 14 வயதுப் பெண் ஒருத்தி, மாதவிலக்கு வந்ததை ஏதோ நோய் என்று பயந்து உயிரை விட்டாள். கேட்க ஆளில்லை. அவளை அடக்கம் செய்த இளம் பாதிரியார் சாட் வாரா, 1953-ல் லண்டனில் 'சமாரிட்டன்ஸ்' தொடங்கினார். வேலை? காது கொடுத்துக் கேட்பது. அதே வழியில் 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'ஸ்னேகா'வைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் ஃபெயிலான பிள்ளைகள் ஒரு வருஷத்தை இழக்காமல் உடனே எழுதும் துணைத்தேர்வு வந்ததில் ஸ்னேகாவின் வற்புறுத்தலுக்கும் பங்கு உண்டு.

நாம் இருக்கும் தீவும் சாதாரணமில்லை. 2022 தேசிய குற்ற ஆவணக் கணக்கில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 42.8, நாட்டின் சராசரி 12.4.

டாக்டர் எங்களுக்குச் சொன்னது இது. தாங்க முடியாத மனவலியைக் கொஞ்ச நேரம் அடக்கத்தான் பெரும்பாலும் கீறிக்கொள்கிறார்கள். நடிப்பு என்று ஒதுக்காதீர்கள், பின்னால் ஆபத்து கூடலாம். திட்டாதீர்கள், "இனி செய்யமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று வாங்காதீர்கள். கூர்மையான பொருட்கள், மாத்திரைகளை எட்டாமல் வையுங்கள். "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

ஊரில் என்றால் அத்தையோ பாட்டியோ மடியில் போட்டுக் கேட்டிருப்பார்கள். கடல் தாண்டி வந்த நம் வீடுகளில் அந்த மடி இல்லை. நாம்தான் உட்கார வேண்டும். முடியாத ராத்திரிக்கு 14416, அரசின் டெலி-மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

எங்கள் வீட்டில் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறோம். தினமும் ராத்திரி அரைமணி நேரம் மொட்டைமாடியில் அவள் பேசுகிறாள், நான் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்.