சமூக ஊடக அடிமைத்தனமும் பதின்பருவ மனநலமும்

சமூக ஊடக அடிமைத்தனம் என்பது, படிப்பும் உறக்கமும் உறவும் கெடுகின்றன என்று தெரிந்தும் இன்ஸ்டாகிராம், யூடியூப், ஸ்னாப்சாட் போன்ற தளங்களை விட்டு விலக முடியாத நிலை. பொதுப்பேச்சில் இதை நோய் என்கிறோம். மருத்துவ வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது கேமிங் கோளாறு அதில் சேர்க்கப்பட்டது. சமூக ஊடகம் சேர்க்கப்படவில்லை. ஆகவே ஆய்வாளர்கள் பலர் ‘சிக்கலான பயன்பாடு’ என்றே எழுதுகிறார்கள்.

அளவிடும் முறை

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் செசிலி ஆண்ட்ரியாசன் குழுவினர் 2012இல் ஃபேஸ்புக்கை மனத்தில் கொண்டு ஓர் அளவுகோல் உருவாக்கினர். பின்னர் அது எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக்கப்பட்டது. அதில் ஆறே கேள்விகள்: எந்நேரமும் அதே நினைப்பா, போகப் போகக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறதா, கவலையை மறக்க அதைத்தான் நாடுகிறீர்களா, குறைக்க முயன்று தோற்றீர்களா, கிடைக்காதபோது எரிச்சல் வருகிறதா, படிப்போ வேலையோ கெட்டதா. எத்தனை மணி நேரம் என்ற கேள்வி இல்லை. வீட்டில் பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான் என்பது வேறு விஷயம்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024இல் வெளியிட்ட அறிக்கை, 44 நாடுகளிலும் பகுதிகளிலும் 11, 13, 15 வயதுள்ள ஏறத்தாழ 2,80,000 பேரிடம் எடுத்த கணக்கு. 2018இல் 7 விழுக்காட்டினரிடம் தெரிந்த சிக்கலான பயன்பாட்டின் அறிகுறிகள் 2022இல் 11 விழுக்காட்டினரிடம் தெரிந்தன. பெண்களில் இது 13, ஆண்களில் 9 விழுக்காடு.

ஈர்ப்பின் காரணங்கள்

திரையை உருட்ட உருட்டப் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும் முறையை 2006இல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். பக்கம் முடிந்தது, இனி எழலாம் என்று தோன்ற முன்பு ஓர் இடைவெளி இருந்தது. இம்முறை அதை எடுத்துவிட்டது. 2009இல் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது. எந்தப் படத்துக்கு எத்தனை லைக் விழும் என்று முன்கூட்டித் தெரியாது. அந்த நிச்சயமின்மைதான் மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்க வைக்கிறது. சகவயதினர் தன்னை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதே பெரிதாகத் தோன்றும் பருவத்தில் அந்த மதிப்பீடு எண்ணாகக் கண்முன் நிற்கிறது. இரவு வெகுநேரம் விழித்திருப்பதால் இழக்கும் தூக்கம் தனிக் கேடு. மனச்சோர்வுக்கும் தூக்கக் குறைவுக்கும் உள்ள தொடர்பு நன்கு அறியப்பட்டது.

ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களைக் கொண்டு 2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கட்டுரைத் தொடர் வெளியிட்டது. தம் உடலைக் குறித்து மனம் நொந்திருந்த பதின்பருவப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியதாகச் சொன்னதை நிறுவனத்தின் உள் ஆய்வே பதிவு செய்திருந்தது. முடிவுகள் திரித்துக் காட்டப்படுவதாக நிறுவனம் மறுத்தது.

ஆய்வாளரிடையே பிணக்கு

ஸ்மார்ட்போனும் சமூக ஊடகமுமே 2010க்குப் பிந்தைய இளையோரின் மனநலச் சரிவுக்கு முதன்மைக் காரணம் என்பது உளவியலாளர்கள் ஜீன் ட்வெங்கி, ஜோனத்தன் ஹைட் ஆகியோரின் வாதம். ஏமி ஓர்பெனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் 2019இல் பிரிட்டன், அமெரிக்கத் தரவுகளில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோரைப் பார்த்துவிட்டு வேறு சொன்னார்கள்: மனநலத்தில் காணும் வேறுபாட்டில் டிஜிட்டல் கருவிகள் விளக்குவது அதிகபட்சம் 0.4 விழுக்காடு. உருளைக்கிழங்கு தின்பதற்கும் மனநலத்துக்கும் உள்ள புள்ளியியல் தொடர்பும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று அவர்கள் காட்டியது பரவலாகப் பேசப்பட்டது.

காரண காரியத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளும் உண்டு. 2004 முதல் ஃபேஸ்புக் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்ற வரிசையைப் பயன்படுத்தி, அது வந்த இடங்களில் மாணவரின் மனநலம் சற்றுக் கெட்டதை 2022இல் வெளியான பொருளியல் ஆய்வு கண்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர் பங்கேற்ற 2018ஆம் ஆண்டு ஆய்வில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஆகிய மூன்று தளங்களையும் நாளொன்றுக்குத் தலா பத்து நிமிடத்துக்குள் சுருக்கிக்கொண்டோரிடம் மூன்று வாரத்தில் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் இவ்விரு ஆய்வுகளுக்கும் உட்பட்டோர் கல்லூரி மாணவர். பதின்மூன்று வயதுப் பள்ளிப் பிள்ளைகள் அல்லர். சராசரி எண்களும் ஒரு பிள்ளையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. வகுப்பில் துணையில்லாத ஒருவருக்கு இணைய நட்பே ஆதரவாகலாம். உணவை ஒறுத்து உடலை வருத்தும் இன்னொருவருக்கு அதே தளம் நஞ்சாகலாம். 0.4 என்ற எண் இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது.

சட்டமும் சிகிச்சையும்

2024 நவம்பரில் ஆஸ்திரேலியா இயற்றிய சட்டம், 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பை நிறுவனங்கள் மீது சுமத்துகிறது. 2025 டிசம்பர் 10 முதல் அது நடைமுறையில் உள்ளது. தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வயதுத் தடை விதிக்கவில்லை. 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது.

பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் 2014இல் தொடங்கிய ‘ஷட்’ கிளினிக், இந்தியாவில் தொழில்நுட்ப மிகைப்பயன்பாட்டுக்கென்றே அமைந்த முதல் மருத்துவப் பிரிவு. மதுவைப் போல் இதை முற்றாக நிறுத்தச் சொல்ல இயலாது. வகுப்பு வாட்ஸாப் குழுவும் அதே போனில்தான் இருக்கிறது. ஆகவே அங்கு இலக்கு அளவோடு பயன்படுத்தப் பழக்குவதே. கூடவே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தால் அதற்கும் சிகிச்சை தேவைப்படுகிறது. பல பிள்ளைகளிடம் அதுவே முதலில் வந்ததாகவும் இருக்கக்கூடும்.